முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம்

1

நான் பினாங்குக்கு வந்து இந்த வருடத்தோடு இருபத்தொரு வருடம் முடிந்துவிட்டது. வந்திறங்கிய தேதியில் வருடா வருடம் நானும் என் கணவர் சிவராஜும் லிட்டில் இந்தியாவில் ஏதாவது ஒரு கடையில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுவோம். அதற்கு மேல் கொண்டாட்டம் எதுவும் கிடையாது. "இன்னொரு வருஷம் தாக்குப் பிடிச்சிட்ட" என்பார் அவர். "நீங்களுந்தான்" என்பேன் நான்.

இந்த வருடம் அந்தச் சாப்பாடு நடக்கவில்லை. அன்று காலையில்தான் எங்கள் ஒரே மகள் தர்ஷினிக்கு எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவு வந்தது. நம் ஊர் பிளஸ் டூ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மதிப்பெண், வணிகப் பாடத்தில் பள்ளியிலேயே முதல். சிவராஜ் பாயான் லெப்பாஸில் கணினிச் சிப் செய்யும் தொழிற்சாலையில் டெக்னீசியன். இடைவேளையில் மட்டும்தான் போனைப் பார்ப்பார். அன்று பார்த்துவிட்டுக் கூப்பிட்டவர், "என்னா? பள்ளிக்கூடத்துலயே பர்ஸ்டா? எதுல? எதுல?" என்று மூன்று தடவை கேட்டார். அவர் அம்மாவும் அப்பாவும் சுங்கை பாக்காப் பக்கம் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். அவர் வீட்டில் இதுவரை யாரும் பல்கலைக்கழகத்துக்குப் போனதில்லை.

கரூரில் என்னோடு பி.காம். படித்த தோழிகள் வாட்ஸ்ஆப் குழுவில், "வாழ்த்துகள்டி, அங்கே கவுன்சலிங் எப்போ?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இங்கே கவுன்சலிங் கிடையாது. ஓர் இணையதளம்தான். அதில் பன்னிரண்டு வரிசைகள். எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் படிப்பு என்று ஆசைப்பட்ட வரிசையில் நாமே நிரப்ப வேண்டும். முடிவு வந்த பிறகு வரிசையை மாற்றிக்கொள்ளப் பத்துப் பன்னிரண்டு நாள் தருவார்கள். அதன் பிறகு கதவை மூடிவிடுவார்கள். சில மாதம் கழித்து ஒரே ஓர் இடம் வரும். இரண்டு வரும், பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் இல்லை. அதனால் முதல் வரிசையில் எதைப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தர்ஷினிக்குப் பன்னிரண்டில் பத்து ஒப்புக்குத்தான். மனம் முழுக்க இரண்டில் இருந்தது.

2

எங்கள் வீடு ஜெலுத்தோங்கில், அடுக்குமாடி ஒன்றின் ஒன்பதாவது மாடியில். பினாங்குத் தீவிலேயே இருக்கும் அரசாங்கப் பல்கலைக்கழகம் அங்கிருந்து காரில் பதினைந்து நிமிடம். இன்னொன்று வடக்கே, மலையும் காடுமான இடத்தில். பாலத்தைத் தாண்டி நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரம் போக வேண்டும். இரண்டும் அரசாங்கத்துடையவைதான். இரண்டிலும் வணிக நிர்வாகப் பட்டம் இருக்கிறது. கட்டணத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் நாங்கள் ஒன்றைத் 'தீவு' என்றும் மற்றதைக் 'காடு' என்றும் சொல்ல ஆரம்பித்தோம்.

தர்ஷினி ஒரு பெரிய தாளில் கோடு போட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். இடப்பக்கம் தீவு, வலப்பக்கம் காடு. தீவில் முதல் வருடம் எல்லோருக்கும் பொதுப்பாடம்; இரண்டாம் வருடத்தில்தான் சந்தைப்படுத்தலா, நிதியா, தொழில் முனைவா என்று பிரிப்பார்கள். காட்டில் முதல் வருடத்திலேயே மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து சின்னதாக ஒரு வியாபாரம் நடத்திக் காட்ட வேண்டும். அங்கே முதல் வருடம் எல்லோரும் விடுதியில்தான் தங்க வேண்டும். இந்தக் கடைசி வரிக்குக் கீழே அவள் பச்சை மையில் கோடு போட்டிருந்தாள். நானாக இருந்தால் சிவப்பில் போட்டிருப்பேன்.

அவளுக்கு ஏற்கெனவே சின்னதாக ஒரு தொழில் உண்டு. கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் சேலை கட்டத் தெரியாத பெண்களுக்கு முன்கூட்டியே மடிப்பு வைத்து, கிளிப் போட்டு, இஸ்திரி செய்து பெட்டியில் அடுக்கிக் கொடுப்பாள். வாங்கிப்போகிறவர்கள் பாவாடை மாதிரி இடுப்பில் சுற்றிச் செருகிக்கொண்டால் போதும். பதினாறு வயதில் இணையத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டாள். நான் வேலை செய்வது மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு ஜவுளிக்கடையில். என்னிடம் சேலை எடுக்க வருகிறவர்களை அவளிடம் அனுப்பிவைப்பேன். பண்டிகை வந்துவிட்டால் எங்கள் ஹாலில் கால் வைக்க இடம் இருக்காது.

"உன் கஸ்டமர் எல்லாம் இங்கதானே இருக்காங்க? காட்டுல போய் யாருக்கு மடிச்சுக் குடுப்ப?" என்று கேட்டேன். இது நல்ல வாதம் என்று எனக்கு நினைப்பு.

"படிக்கத்தானேம்மா போறேன்."

"துணி துவைக்கணும், சாப்பாடு சரியா இருக்காது. உனக்கு வேற அடிக்கடி தலைவலி வரும்."

"அங்க உள்ளவங்களுக்கெல்லாம் தலையே இல்லையா?"

சிவராஜைக் கேட்டால், "ரெண்டும் கவர்மெண்டுதானே. எங்க போனாலும் படிக்கப்போறது அவதான்லா" என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்த்தார். இந்த வீட்டில் சண்டை நடக்கும்போதெல்லாம் அவருக்குச் செய்தி கேட்க வேண்டியிருக்கும்.

கடைசியில் அவள் முதல் வரிசையில் காட்டைப் போட்டாள், இரண்டாவதில் தீவை. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் சம்மதித்துவிட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

3

இந்த இடத்தில் என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியாது.

பிளஸ் டூ முடித்தபோது எனக்குத் திருச்சியில் ஒரு நல்ல கல்லூரியில் பி.காம். இடம் கிடைத்தது. கரூரிலிருந்து எண்பது கிலோமீட்டர்தான். அப்பா கடிதத்தைப் படித்தார், மடித்து அலமாரியில் வைத்தார். மறுநாள் உள்ளூர்க் கல்லூரியின் விண்ணப்பத்தை வாங்கிவந்து அவர் கையெழுத்திலேயே நிரப்பினார். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். மூன்று வருடமும் நாலரை மணி பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஐந்து மணி ஆனால் அப்பா வாசலில் நிற்பார். அப்படிப்பட்டவர், நான் படிப்பை முடித்த மறு வருடமே ஒரு வரன் வந்தது என்று கடல் தாண்டி மலேசியாவுக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார். திருச்சி தூரமாகத் தெரிந்த மனிதருக்குப் பினாங்கு எப்படிப் பக்கமாகத் தெரிந்தது என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

வந்த புதிதில் தமிழ்கூட எனக்குப் புரியவில்லை. முதல் நாள் மாமியார், "என்னா தண்ணி கலக்கட்டும்?" என்று கேட்டார். நம் ஊரில் தண்ணி என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். புது மருமகளிடம் காலை ஏழு மணிக்கு இதைக் கேட்கிறாரே என்று நான் வெலவெலத்துப்போனேன். இங்கே அது டீயா, காப்பியா, மைலோவா என்று கேட்பது. "காடியில ஏறு" என்றால் காரில் ஏறு. மலாய் அதைவிடக் கஷ்டம். கடையில் பேசப் பழகிக்கொண்டேன். எழுதினால் இன்றைக்கும் தப்பு வரும்.

அப்புறம் விசா. நிரந்தர வாசியாவதற்கு முன், புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் குடிநுழைவு அலுவலகத்துக்குச் சிவராஜும் கூட வர வேண்டும். அவர் லீவு எடுத்துக்கொண்டு வந்து, இவள் என் மனைவிதான், இன்னும் என்னோடுதான் இருக்கிறாள் என்று கையெழுத்துப் போட வேண்டும். நான் பக்கத்தில் நிற்பேன். நான் எங்கே இருக்க வேண்டும் என்பதை எப்போதும் வேறு யாராவதுதான் எழுதித் தந்திருக்கிறார்கள். இது என்னைத் தொந்தரவு செய்தது என்றுகூட எனக்கு அப்போது தெரியாது.

தர்ஷினி அப்படி இல்லை. ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், பிறகு மலாய்ப் பள்ளிக்குப் போனதும் மூன்று மொழியில் சிரிக்கக் கற்றுக்கொண்டாள். தோழிகளோடு போனில் பேசும்போது வாக்கியத்தின் தலை மலாயில் இருக்கும், வால் ஆங்கிலத்தில் இருக்கும், நடுவில் ஒரு 'லா' இருக்கும். பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். பாதிதான் பிடிபடும். வருடத்துக்கு வருடம் அந்தப் பாதியும் குறைந்துகொண்டே வந்தது. வீட்டிலேயே இருக்கும்போது இவ்வளவு விலகுகிறவள், இரண்டரை மணி நேரம் தள்ளிப் போனால் என்ன மிஞ்சும் என்று பயந்தேன். என் பயம் இவ்வளவுதான்.

4

அந்த இணையதளத்தில் கணக்குத் தொடங்கிக் கொடுத்தது நான்தான். கடவுச்சொல்லும் நான் வைத்ததுதான்: அவள் பிறந்த தேதியும் என் ஊர்ப் பெயரும். கதவை மூட ஆறு நாள் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை, "அம்மா, கடையில பிரிண்டர் இருக்குல்ல, அந்தப் பக்கத்தை ஒரு காப்பி எடுத்துட்டு வாங்க, பைல்ல வைக்கணும்" என்றாள்.

மதியம் கடையில் கூட்டம் இல்லை. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். நான் கணினியில் உள்ளே போனேன். பன்னிரண்டு வரிசையும் வந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் மேலே ஓர் அம்புக்குறி, கீழே ஓர் அம்புக்குறி. இரண்டாவது வரிசையில் இருந்த தீவின் பக்கத்தில் மேலே பார்த்த அம்பின் மீது சுட்டியைக் கொண்டுபோனேன். சும்மா, அது என்ன செய்யும் என்று பார்க்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அழுத்தினேன். தீவு மேலே போனது, காடு கீழே வந்தது. எவ்வளவு சுலபம்! கீழே 'சிம்பான்' என்று இருந்தது. சேமி என்று அர்த்தம். அதையும் அழுத்தினேன்.

பிறகு தாளை அச்சடித்தேன். அடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அதில் தீவு முதலில் இருந்தது. அதை எப்படி அவளிடம் கொடுப்பது? கிழித்துக் குப்பையில் போட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய், "பிரிண்டர்ல மை தீந்துபோச்சு" என்றேன்.

"சரிம்மா, பரவால்ல" என்றாள்.

பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை என்று சொல்ல மாட்டேன். சேலைக் கடையில் வேலை செய்கிறவள் நான்; உங்களுக்கு இந்த நிறம் எடுப்பாக இருக்கிறது என்று தினமும் பத்துப் பேரிடம் சொல்கிறேன். ஆனால் அந்த 'பரவால்ல'வுக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை சுங்கை பாக்காப் போனோம். சிவராஜின் அக்கா மலர் அங்கே இருக்கிறார். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தர்ஷினியின் தேர்வு முடிவுக்காகக் கோழி அடித்துச் சமைத்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்னைப் பார்த்து, "வசந்தி, பக்கத்துல உள்ளதுதானே போட்டீங்க? பொம்பளப் புள்ளய அவ்ளோ தூரம் எல்லாம் அனுப்பாதலா. நான் சொல்றத சொல்லிட்டேன்" என்றார்.

என் வாயில் சோறு இருந்தது. நான் பதில் சொல்வதற்குள் தர்ஷினி சொன்னாள்:

"இல்ல அத்தை. அம்மாவுக்குப் பக்கத்துலதான் போடணும்னு ஆசை. ஆனா எனக்குப் பிடிச்சதையே பர்ஸ்ட்டா போட விட்டுட்டாங்க."

சொல்லிவிட்டு என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு இலையைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள். மலர் அக்கா, "அப்படியா? உங்கம்மாவா?" என்று ஆச்சரியப்பட்டார். அந்தக் கோழியின் ருசி எனக்கு ஞாபகமில்லை.

வீடு திரும்பும்போது மணி மூன்று. சிவராஜ் படுக்கப் போய்விட்டார். தர்ஷினிக்கு மறுநாள் கொடுக்க வேண்டிய ஒரு பட்டுச்சேலை இருந்தது. முந்தானையை மடிக்கும்போது மறு முனையை ஒருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். எப்போதும் நான்தான் பிடிப்பேன். அன்றும் பிடித்தேன். ஹாலின் அந்தக் கோடியில் இஸ்திரி மேசைக்கு முன் அவள், இந்தக் கோடியில் நான், நடுவில் மயில் கழுத்து நிறத்தில் சேலை.

"தர்ஷி."

"ம்."

"செவ்வாய்க்கிழமை பிரிண்ட் எடுக்கச் சொன்னியே."

"ம்."

"மை தீரல. நான் வரிசைய மாத்திட்டேன். தீவை மேல போட்டுட்டேன்."

அவள் கை நிற்கவில்லை. ஒரு மடிப்பை எடுத்தாள், விரலால் நீவினாள், கிளிப் போட்டாள்.

"தெரியும்மா."

நான் சேலையை விட்டுவிட்டேன். "பிடிங்கம்மா, மடிப்பு போயிரும்" என்றாள். எடுத்துப் பிடித்தேன்.

"எப்படித் தெரியும்?"

"எப்ப மாத்தினாலும் எனக்கு இமெயில் வரும். ஒன்னு பத்துக்கு வந்துச்சு. நான் அப்ப லைப்ரரில இருந்தேன்."

"அன்னைக்கே தெரியுமா? அப்புறம் ஏன் ஒன்னும் கேக்கல? ஏன் திருப்பி மாத்தல?"

"நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன்."

"சொல்லாம இருந்திருந்தா?"

"நாளைக்கு அஞ்சு மணிக்கு குளோஸ் பண்றாங்க. நாலு மணிக்கு நானே மாத்தியிருப்பேன்." இன்னொரு கிளிப் போட்டாள். "அதுக்கப்புறம் உங்ககிட்ட எதுவுமே சொல்லியிருக்க மாட்டேன்."

அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. நாற்பத்து மூன்று வயதில், பெற்ற மகளுக்கு முன்னால், ஒரு சேலையின் நுனியைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு வெட்கம்.

"உனக்கு ஏன்டி அவ்ளோ தூரம் போகணும்? நான் என்ன பண்ணிட்டேன்?" என்று கேட்டேன்.

"நீங்க தப்பா ஒன்னும் பண்ணலம்மா. எல்லாத்தையும் நீங்களே பார்த்துக்கிறீங்க. அதான்." அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எனக்கு வர்ற கஸ்டமர் எல்லாம் உங்க கஸ்டமர். வசந்தி அக்கா பொண்ணுன்னுதான் வர்றாங்க. போன தீபாவளிக்கு ஒரு ஆன்ட்டியோட சேலைய சுட்டுட்டேன், ஞாபகம் இருக்கா? அவங்க ஒரு வார்த்தை சொல்லல. நீங்க வேற சேலை காட்டி சமாளிச்சிட்டீங்க. என்னை யாராவது திட்டணும்மா. நான் யாருன்னே தெரியாதவங்க, நான் செஞ்சதைப் பார்த்து நல்லாருக்குன்னோ நல்லால்லன்னோ சொல்லணும். இங்க இருந்தா அது நடக்காது."

இதை அவள் அந்தத் தாளில் எழுதியிருக்கவில்லை. பாடத்திட்டம், பயிற்சிக்காலம், விடுதி என்று பத்து வரி எழுதியவள், உண்மையான வரியை எழுதாமல் விட்டிருந்தாள். நானும்தான் சாப்பாடு, துணி, தலைவலி என்று சொன்னேனே தவிர, நீ போய்விட்டால் உன் பேச்சில் எனக்குப் புரிகிற பாதியும் போய்விடும் என்று சொல்லவில்லை. அதை அப்போது சொன்னேன். கேட்டுவிட்டு, "புரியலேன்னா என்னான்னு கேக்க வேண்டியதுதானேம்மா. நீங்க கேக்கவே மாட்டேங்கிறீங்க" என்றாள்.

சேலையை முடித்துப் பெட்டியில் வைத்ததும் மடிக்கணினியைத் திறந்து என் முன் வைத்தாள்.

"நீயே மாத்திக்க."

"நீங்கதானே மாத்தினீங்க? நீங்களே மாத்துங்க."

என் கையால் காட்டை மேலே ஏற்றினேன். சேமித்தேன். அவள் போனில் மணி அடித்தது, இமெயில் வந்துவிட்டது. இருவருக்கும் சிரிப்பு வந்தது.

"கடவுச்சொல்லையும் மாத்திரு" என்றேன்.

"எதுக்கு? வேணாம்."

6

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் மதியம் கடையில் இருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, ரிசல்ட் வந்துருச்சு. தீவு."

"என்னது?"

"தீவுதாம்மா கெடச்சிருக்கு. ரெண்டாவது சாய்ஸ்."

இதைத்தானே நான் ஆசைப்பட்டேன்? ஆனால் அவள் என்னைச் சந்தேகப்படுவாளோ என்றுதான் முதலில் தோன்றியது. "தர்ஷி, நான் தொடலடி. சத்தியமா தொடல. அன்னைக்கு மாத்தினதோட சரி" என்றேன். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் கேட்டேனாம்மா?"

அரை மணி நேரத்தில் பஸ் பிடித்துக் கடைக்கே வந்துவிட்டாள். அதற்குள் நான் கணினியில் இணையதளத்தைத் திறந்து வைத்திருந்தேன். காடுதான் முதலில் இருக்கிறது என்று காட்டிவிட வேண்டும் எனக்கு. அவள் திரையைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்கு மேலே கையை நீட்டி அதை மூடினாள்.

"பார்க்க வேணாம்மா. அங்க இடம் பத்தல போல. அவ்ளோதான். வாங்க, தண்ணி குடிப்போம்."

எதிர்க்கடையில் டீ குடித்தோம். அவள் முகம் வாடித்தான் இருந்தது. குடிக்காமல் தம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஒரு வேகம் வந்தது. "மேல்முறையீடு பண்ணலாமாமே. எழுதிப் போடுவோம்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன்."

அன்று சாயங்காலமே உட்கார்ந்து, என் மகளைக் காட்டுக்கு அனுப்புங்கள் என்று ஐந்து வரியில் ஒரு கடிதம் எழுதினேன். மலாயில், நானே, அகராதி பார்த்து. அவள் சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தினாள். ஐந்து வரியில் ஏழு தப்பு. சிவராஜ் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு அவங்க உன்னைத்தான் படிக்க வரச் சொல்வாங்க" என்றார்.

கடிதம் போகவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு மூன்றாம் நாள் காலையில் பசியாறும்போது தர்ஷினி சொன்னாள்: "தீவுக்கே போறேன். ரெண்டாவது வருஷம் தொழில் முனைவு எடுத்துக்கலாம். அப்பீல் பண்ணிட்டு, வருமா வராதான்னு உக்காந்திருக்க என்னால முடியாது. ஆனா வீட்டிலேர்ந்து போக மாட்டேன். ஹாஸ்டல்ல இருக்கேன்."

சிவராஜ் ரொட்டியைக் கீழே வைத்தார். "பதினஞ்சு நிமிஷத்துக்கு ஹாஸ்டலா? ஆளுங்க சிரிப்பாங்கலா."

"சிரிக்கட்டும்" என்றேன் நான். அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

7

பதிவு நாளன்று சிவராஜுக்கு ஷிப்ட். நானே காரை ஓட்டினேன். பின் சீட்டில் ஒரு வாளி, ஒரு கட்டு ஹேங்கர், மெத்தை விரிப்பு, தலையணை. கிளந்தான், ஜொகூர் போன்ற தூரத்து மாநிலங்களிலிருந்து விடியற்காலையிலேயே வந்திருந்த குடும்பங்கள் விடுதி முற்றத்தில் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. எங்கள் டிபன் கேரியரில் இட்லியின் சூடுகூட ஆறவில்லை.

முதல் வருட மாணவர்களுக்கு அறை உண்டு. ஆனால் தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குத்தான் முன்னுரிமை. பக்கத்தில் வீடு உள்ளவர்கள் காரணம் சொல்ல வேண்டும். கவுண்டரில் ஊதா முக்காடு அணிந்த மலாய்ப் பெண் உட்கார்ந்திருந்தார். தர்ஷினியின் அடையாள அட்டையைப் பார்த்தார், முகவரியைப் பார்த்தார், தர்ஷினியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஜெலுத்தோங்தானே காக்? வீடு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, எதற்கு விடுதி?" என்று மலாயில் கேட்டார். காக் என்றால் அக்கா.

தர்ஷினி பதில் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "இல்லை, இதை அம்மா சொல்ல வேண்டும். அம்மாவுக்குச் சம்மதமா?"

எனக்குப் பின்னால் வரிசையில் இருபது பேர். இந்த ஊர்க் கவுண்டர்களில் நான் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். எல்லா இடத்திலும் எனக்காக வேறு யாராவது பேசினார்கள். இப்போது என்னைப் பேசச் சொல்கிறார்கள். அதுவும் எதற்கு? என் மகள் என் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று சொல்வதற்கு.

சொந்தக் காலில் நிற்பதற்கு மலாயில் 'பெர்டிக்காரி' என்று ஒரு சொல் உண்டு. வரும் வழியெல்லாம் காரில் அதைத்தான் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். கவுண்டரில் வாயைத் திறந்ததும் வந்தது வேறு.

"அனாக் சாயா மெஸ்தி பெலாஜார் பெர்டிரி" என்றேன். உரக்கவே சொன்னேன்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தர்ஷினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டார். "அவள்தான் நின்றுகொண்டு இருக்கிறாளே, காக்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெர்டிரி என்றால் வெறுமனே எழுந்து நிற்பது. என் மகள் எழுந்து நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று, ஒன்பது மாதக் குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லியிருக்கிறேன். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே, "சம்மதம், சம்மதம்" என்று இரண்டு தடவை சொன்னேன். அதில் தப்பு வர வழியில்லை.

அவர் ஒரு படிவத்தை நகர்த்தி, காரணம் எழுதும் இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். தர்ஷினி குனிந்து எழுதினாள். அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். பெலாஜார் பெர்டிரி என்று எழுதியிருந்தாள்.

"அடியே, அது தப்பு. நான் உளறினதை எழுதிட்ட. சரியான வார்த்தையைப் போடு."

"இருக்கட்டும்மா."

படிவத்தைத் திருப்பித் தள்ளினாள். அந்தப் பெண் படித்தார். என்னை ஒரு தடவை, அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் ஓங்கி ஒரு குத்துக் குத்தி, சாவியைத் தர்ஷினியின் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மூன்றாவது மாடி. லிப்ட் இல்லை. வாளியை அவள் தூக்கிக்கொண்டாள், மெத்தை விரிப்பை நான் தூக்கிக்கொண்டேன்.